அச்சுத்துணியின் மேல் ஓவியம் தீட்டுவதை வகுப்புப் பயிற்சியாக வைக்கலாமா?

பாளைத் தூரிகை எழுதியது:

பாளையங்கோட்டையில் வார இறுதி ஓவிய வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறேன். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும், வீட்டு வேலைகளை முடித்துவிட்டு வரும் சில பெண்களும் அதில் படிக்கிறார்கள். பென்சிலிலும் அக்ரிலிக்கிலும் ஓரளவு கை பழகிய பிறகு, ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, இருக்கிறபடியே தீட்டி முடிக்கிறார்கள். படம் சுத்தமாகத்தான் வருகிறது. ஆனால் அதில் அவர்களாக எடுத்த முடிவு என்று ஒன்றையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. வெள்ளைக் கான்வாஸைக் கொடுத்து உங்கள் மனம்போல் தீட்டுங்கள் என்று சொன்னாலோ, தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார்கள்.

ஆகையால், ஏற்கெனவே பூவோ கட்டமோ அச்சடித்த துணியைக் கான்வாஸுக்குப் பதிலாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கள் தெருவில் தையல் எந்திரம் வைத்திருக்கும் அக்கா ஒரு பை நிறைய வெட்டுத்துணிகளைக் கொடுத்தார். நைட்டித் துணி, மாங்காய்ப் பூப்போட்ட தலையணை உறைத் துணி, சுங்குடிச் சேலையின் ஓரம், கட்டம் போட்ட கைலித் துண்டு, திரைச்சீலை தைத்து மிஞ்சிய தடித்த துணி என்று அதில் எல்லாம் இருந்தன. முன்னோட்டமாகச் சிலரிடம் மட்டும் கொடுத்தபோது, பாதிப் பேர் அச்சில் இருந்த பூக்களின் மீதே அதே நிறத்தைத் திரும்பப் பூசி, ஓரத்தில் தங்க நிறக் கோடு இழுத்து அழகுபடுத்தினார்கள். மற்றவர்கள் துணி முழுவதற்கும் வெள்ளை அடித்து அச்சை மறைத்துவிட்டு, வழக்கம்போல் சூரியன் மறையும் காட்சியைத் தீட்டினார்கள். இரண்டுமே நான் எதிர்பார்த்தவை அல்ல.

இந்தப் பயிற்சிக்கு என்ன விதிமுறை வைத்தால் அவர்கள் துணியோடு வேலை செய்வார்கள்? எந்த வகைத் துணி இதற்கு ஏற்றது, அதை எப்படித் தயார் செய்ய வேண்டும்? பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் இவ்வாறு துணிகளின் மேல் தீட்டியதாக ஒருவர் சொன்னார்; பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாக யாருடைய படங்களைக் காட்டலாம் என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

குற்றாலச் சாரல் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் மாணவர்கள் செய்த இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தாலும் ஒன்றுதான். பூவின் மேல் பூவையே தீட்டியவர் துணி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். வெள்ளை அடித்தவர் துணி பேசவே கூடாது என்று வாயை அடைத்தார். எதை மூடுவது, எதை விடுவது என்று இருவருமே முடிவு செய்யவில்லை. நீங்கள் கற்றுத்தர விரும்புவது அந்த முடிவைத்தான் என்றால், விதியையும் அங்கேயே வைக்க வேண்டும். என் வகுப்பில் நான் சொல்வது இதுதான்: வேலை முடியும்போது துணியின் அச்சில் மூன்றில் ஒரு பங்காவது வெளியே தெரிய வேண்டும்; அப்படித் தெரியும் பகுதி படத்துக்குள் ஏதேனும் ஒரு பொருளாகவோ இடமாகவோ மாறியிருக்க வேண்டும். வானமோ, சுவரோ, ஒருத்தியின் சேலையோ, ஆற்று நீரோ, எதுவாகவும் இருக்கலாம். வெறும் துணியாக மட்டும் எஞ்சக் கூடாது.

தொடக்கத்துக்கு, பொருளைத் தீட்டாமல் பொருளைச் சுற்றியிருக்கும் வெளியை மட்டும் தீட்டச் சொல்லுங்கள். மாங்காய்ப் பூத் துணியில் ஒரு செம்பின் வெளிக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டு, கோட்டுக்கு வெளியே இருக்கும் இடம் முழுவதையும் மறைக்கும் தன்மையுள்ள ஒரே நிறத்தால் நிரப்பினால், செம்பு மட்டும் பூப்போட்டதாக எஞ்சி நிற்கும். உள்ளே நிழலோ ஒளியோ இல்லாததால், அது செம்புதான் என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் வெளிக்கோட்டின் மேல் விழுகிறது. கழுத்து சற்றுத் தடித்தால் குடமாகிவிடும், வாய் சற்று விரிந்தால் பூச்சட்டியாகிவிடும். சாதாரணமாகக் கோட்டைப் பற்றிக் கவலைப்படாத பிள்ளைகள்கூட இங்கே விளிம்பைத் திரும்பத் திரும்பத் திருத்துவதைப் பார்ப்பீர்கள்.

அடுத்த வகுப்பில் அதே செம்பை எடுத்து, ஒளி வரும் திசைக்கு எதிர்ப்புறத்தில் மெல்லிய நிழலை ஏற்றச் சொல்லுங்கள். இதற்கு நீர்த்த அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு சிறிது கலந்தால் போதும். அந்த நிறம் கண்ணாடிபோல் அச்சின் மேல் படியும். கீழே உள்ள மாங்காய்கள் அழியாமல் இருளும். அப்போது விசித்திரமான ஒன்று நிகழும். பாத்திரம் உருண்டு வரும், ஆனால் அதன் மேலிருக்கும் பூக்கள் வளையாமல் தட்டையாகவே நிற்கும். கண் ஒரு கணம் உருண்டையை நம்பும், மறுகணம் துணியை நம்பும். இந்த இழுபறிக்காகத்தான் இவ்வளவு பாடும். வெள்ளைத் தாளில் எத்தனை செம்பு வரைந்தாலும் இது கிடைக்காது.

எந்த நிறம் மறைக்கும், எது மறைக்காது என்பதையும் பிள்ளைகள் இந்தத் துணியில்தான் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறார்கள். டைட்டானியம் வெள்ளையும், எல்லோ ஓக்கர் என்ற காவி மஞ்சளும் அச்சை மூடிவிடும். தாலோ நீலமும் குவினாக்ரிடோன் சிவப்பும் ஒன்றிரண்டு தடவை பூசினாலும் கீழே இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். மறைக்க வேண்டுமென்றால் அவற்றோடு சிறிது வெள்ளை கலக்க வேண்டும். வண்ணக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் ஒளிபுகும், ஒளிபுகா என்ற குறிகளை யாரும் படிப்பதில்லை. பூப்போட்ட துணி அதைப் படிக்க வைத்துவிடுகிறது.

துணியைத் தேர்வு செய்ய ஒரு எளிய வழி உண்டு. சுவரில் தொங்கவிட்டு, அறையின் மறுகோடிக்குச் சென்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். அச்சு முழுவதும் ஒரே இடைநிலைச் சாம்பலாகக் கரைந்தால் அது நல்ல துணி. அதன் மேல் அடர்நிறமும் எடுபடும், வெளிர்நிறமும் எடுபடும். கறுப்பும் வெள்ளையும் பளீரென்று மோதும் பெரிய அச்சு, நன்றாகப் பழகியவர்களையே திணறடிக்கும். அதைத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டாம். பூவின் அளவும் முக்கியம். கடுகளவு பொடிப்பூ தூரத்திலிருந்து மணலாகவோ புல்லாகவோ தெரியும், அதனால் இடமாக மாற்றுவது எளிது. உள்ளங்கை அளவுப் பூவோ தானே ஒரு கதாபாத்திரமாகப் படத்துக்குள் வந்து நின்றுவிடும். அதனோடு பேச்சுவார்த்தை நடத்தியே ஆக வேண்டும்.

என் மாணவி ஒருத்திக்கு நீலக் கட்டம் போட்ட கைலித் துண்டு கிடைத்தது. அவள் அதில் பனைமரம் ஒன்றைத் தீட்டினாள். நம் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனை, உச்சியில் காய்ந்த மட்டைகள் தொங்கும் மரம். கட்டங்களை வானமாக விட்டுவிட்டு, தண்டின் வளையங்களைக் கட்டத்தின் படுக்கைக் கோடுகளோடு சரியாகப் பொருத்தினாள். கட்டக் கோடு தண்டுக்குள் நுழையும்போது வளையமாகி, மறுபக்கம் வெளியேறும்போது மீண்டும் வானமாகிறது. ஓலைகளை மட்டும் கட்டத்துக்குப் பணியாமல் எல்லாத் திசைகளிலும் சிதறவிட்டாள். எங்கே இணங்குவது, எங்கே முரண்டுவது என்று அவளாகவே முடிவு செய்த படம் அது. எந்தக் கைப்பேசியிலும் அதற்கு மாதிரி இருந்திருக்காது.

மத்தீஸைப் பற்றி ஒரு திருத்தம். 1869-இல் பிறந்த அவர் வடக்கு பிரான்ஸில் போஎன் என்ற நெசவு ஊரில் வளர்ந்தவர். வாழ்நாள் முழுவதும் துணிகளைச் சேர்த்தவர். 1908-இல் அவர் தீட்டிய ‘சிவப்பு அறை’ என்ற படத்தில் மேசை விரிப்பின் நீலப் பூவேலை அப்படியே சுவரில் ஏறி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆனால் அவர் துணியைப் பார்த்துக் கான்வாஸில் தீட்டினார், துணியையே கான்வாஸாக்கவில்லை. அதைச் செய்தவர்களில் முதலில் காட்ட வேண்டியவர் ஜெர்மானியரான சிக்மார் போல்கே. 1941-இல் பிறந்து 2010-இல் மறைந்த அவர், கண்ணாடி ஓவியப் பட்டறை ஒன்றில் பயிற்சி பெற்ற பின் டுசல்டார்ஃப் கலைக்கழகத்தில் படித்தவர். 1960-களிலிருந்தே கடைகளில் கிடைக்கும் மலிவான அச்சுத்துணிகளையும் திரைச்சீலைத் துணிகளையும் போர்வைகளையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி அவற்றின் மேல் தீட்டினார். சில சமயம் வேறு வேறு அச்சுள்ள துணிகளை ஒன்றோடொன்று தைத்தே ஒரு தளமாக்கிக்கொண்டார். போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் நடுத்தர வீட்டு ரசனையைக் கிண்டல் செய்வதும் அதில் ஒரு நோக்கம். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கிண்டல் தேவையில்லை. எந்தப் பகுதியை அவர் துணியின் போக்கில் விட்டிருக்கிறார் என்று தேட வைத்தால் போதும்.

டவுன் ரதவீதி எழுதியது:

மாறுபட்ட கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுக்கு மாணவர்களை நெடுங்காலம் தயார் செய்தவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பயிற்சியின் மேல் ஐயம் உண்டு. அச்சுத்துணியில் ஏற்கெனவே ஒரு வடிவமைப்பாளர் நிறங்களைப் பொருத்தி, இடைவெளிகளை அளந்து, பூக்களைத் திரும்பத் திரும்ப வரும்படி அடுக்கி வைத்திருக்கிறார். அதன் மேல் ஒரு பறவையின் நிழலுருவை மட்டும் தீட்டினால்கூடப் படம் நிறைந்து தெரியும். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள், அந்தப் பாராட்டில் பெரும்பகுதி துணிக்கடைக்குச் சேர வேண்டியது. மாணவரோ அது தன் திறமை என்று நினைத்துக்கொள்வார். பிறகு வெள்ளைத் தாளைக் கொடுத்தால் முன்பைவிட அதிகமாகத் தயங்குவார்.

சாரல் அண்ணாச்சி சொல்லும் விளிம்புப் பயிற்சியைக் கறுப்புத் தாளிலும் வெள்ளைத் தாளிலுமே செய்யலாம். பூவேலை வேண்டுமென்றால், நம் வாசல் கோலத்திலிருந்தோ கோயில் தூணிலிருந்தோ ஒரு வடிவத்தை எடுத்து, அதைத் தாங்களே திரும்பவரும் அமைப்பாக வரைந்து, அந்தத் தாளின் மேல் தீட்டட்டும். சொந்தமாக நட்ட செடியில்தான் பூப்பறிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வீரவநல்லூர்த் தறி எழுதியது:

நான் ஓவியன் அல்லன், தறிக்குடும்பத்தில் பிறந்தவன். துணியின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொன்னால் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில், அச்சடித்த துணியும் நெய்யும்போதே பூ விழுந்த துணியும் ஒன்றல்ல. எங்கள் ஊர்ச் செடிபுட்டாச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் செடியும் பூவும் தறியிலேயே கூடுதல் இழையால் விழுபவை. மேலே ஒட்டிய நிறம் அன்று. அப்படிப்பட்ட துணியில் அக்ரிலிக்கைப் பூசினால் புட்டாவின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேடு பள்ளம் மறைந்து, தோல்போல் விறைத்துவிடும். நெய்தவன் கண்ணுக்கு அது வேதனை; தீட்டுபவருக்கும் அதனால் ஆதாயம் இல்லை. பயிற்சிக்கு அச்சுத்துணியே போதும். கட்டம் போட்ட கைலி நெய்யும்போதே கட்டம் விழுவதுதான் என்றாலும், அது மேடு பள்ளம் இல்லாத சாதாரண நெசவு என்பதால் தீட்டுவதற்குத் தடையில்லை.

அடுத்தது கஞ்சி. புதுத்துணி விறைப்பாக இருப்பதைப் பார்த்து, தீட்டுவதற்கு நல்லது என்று பலர் அப்படியே சட்டத்தில் அடித்துவிடுகிறார்கள். அந்த விறைப்பு கஞ்சியும் வேறு பூச்சுகளும் தருவது. வண்ணம் இழைக்குள் இறங்காமல் மேலேயே நின்று, பிறகு உரிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, நன்றாக அலசி, காய வைத்து, இஸ்திரி போட்ட பிறகே தொடங்க வேண்டும். துணி சாயம் போகுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நனைத்த வெள்ளைத் துணியால் அச்சின் மேல் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். சாயம் இறங்கும் சிவப்புத் துணியின் மேல் வெள்ளை அக்ரிலிக் பூசினால், காய்வதற்குள் அது இளஞ்சிவப்பாகிவிடும். தையல்கடை வெட்டுத்துணிகளில் பாலியஸ்டர் நிறைய இருக்கும். ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால் பருத்தி தாள் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். பிள்ளைகளைச் செய்யவிடாமல் நீங்களே செய்து பார்த்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டரில் வண்ணம் பருத்தியளவுக்குப் பிடிக்காது.

சட்டத்தில் இழுப்பதற்கும் முறை உண்டு. நீளவாட்டு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் நேராக நிற்க வேண்டும். குறுக்காக வெட்டிய துண்டை இழுத்தால் ரப்பர்போல் நீண்டு, கட்டங்கள் எல்லாம் சாய்சதுரமாகிவிடும். முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வோர் ஆணி அடித்துக்கொண்டு, அங்கிருந்து மூலைகளை நோக்கிச் செல்ல வேண்டும். ஒரு மூலையில் தொடங்கியவர் கடைசி மூலையில் சுருக்கத்தோடு நிற்பார். சட்டம் இல்லாதவர்கள் அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். அதற்கும் நூல் நேராக இருப்பதைப் பார்க்க வேண்டும்.

டவுன் ஐயா சொன்னதற்கு ஒரு சிறு பதில். ஒருவர் செய்த வடிவத்தின் மேல் இன்னொருவர் கை வைப்பது நம் நாட்டில் இரவல் வேலையாகக் கருதப்பட்டதில்லை. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கோடாலிக் கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக 19-ஆம் நூற்றாண்டில் செய்த சேலைகளைப் பாருங்கள். தறியில் சரிகையைக் கோத்துப் பூவேலையோடு நெய்து முடித்த துணியின் மேல், மெழுகால் தடுத்தும் சாயம் தோய்த்தும் கையால் கோடு இழுத்தும் இரண்டாவது வேலையை ஏற்றினார்கள். கருஞ்சிவப்புச் சாயத்துக்கு நடுவில் சரிகை மட்டும் மின்னும்படி வைத்த கணக்கு, நெய்தவரும் எழுதியவரும் ஒருவர் வேலையை ஒருவர் அறிந்திருந்தால்தான் வரும். அந்தச் சேலைகளை இன்று அருங்காட்சியகங்களில்தான் பார்க்க முடிகிறது.

பாளைத் தூரிகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. செம்புப் பயிற்சியை வரும் வாரமே தொடங்கிவிடுவேன். இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. துவைத்த துணி தொய்ந்துவிடுகிறது. வண்ணம் மறுபுறம் ஊறி வழிகிறது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசினால் அச்சு மறைந்துவிடுமே, மைதாப் பசை காய்ச்சிப் பூசலாமா? இரண்டாவது, டவுன் ஐயா எழுப்பிய ஐயம் எனக்கும் உள்ளுக்குள் இருந்ததுதான். ஒரு படத்தில் துணியின் அழகு எவ்வளவு, பிள்ளையின் வேலை எவ்வளவு என்பதை எப்படிப் பிரித்து மதிப்பிடுவது?

குற்றாலச் சாரல் எழுதியது:

மைதா வேண்டாம் அம்மா. முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி வந்து பசையோடு சேர்த்துத் துணியையும் அரித்துவிடும். ஒளிபுகும் ஜெஸ்ஸோ என்று தனியாகவே கிடைக்கிறது. காய்ந்ததும் ஏறக்குறைய நிறமற்றுப்போய் அச்சு தெரியும். அது கிடைக்காவிட்டால் அக்ரிலிக் மேட் மீடியம் என்ற, பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சைச் சிறிது நீர் கலந்து இரண்டு தடவை பூசலாம். ஃபெவிகாலை நீர்த்துப் பூசுவது பயிற்சி வேலைக்குப் போதும், ஆனால் அது ஈரம் பட்டால் மீண்டும் இளகும். நீர் நிறைய விட்டுத் தீட்டுபவர்களுக்கு ஒத்துவராது. எண்ணெய் வண்ணத்தை மட்டும் காப்புப் பூச்சு இல்லாத துணியின் மேல் அனுமதிக்காதீர்கள். ஆளி எண்ணெய் நாளடைவில் பருத்தி இழையை நொறுங்க வைத்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் நம் ஊரில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்; துணி அதைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சுவதால், தீட்டும் இடத்தில் முன்கூட்டியே சிறிது நீர் தெளித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டவுன் ஐயாவின் ஐயம் நியாயமானது. பறவை நிழலுருவை ஒட்டவைத்ததுபோல் தீட்டிவிட்டு முடித்துக்கொள்ளும் படங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயினும் அதற்கு மருந்து துணியைக் கைவிடுவது அன்று. துணி முடியும் இடத்தில் மாணவர் தொடர வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குவதுதான். ஒரு பெரிய தாளின் நடுவில் கையகலத் துணித்துண்டை ஒட்டிக் கொடுங்கள். துணியின் விளிம்பில் அறுபட்டு நிற்கும் பூவையும் கொடியையும் தாளின் மேல் தீட்டித் தொடர வேண்டும். முதல் விரற்கடை அளவுக்கு, தொடுத்த இடம் தெரியாதபடி நிறமும் கோடும் பொருந்த வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கொடி மெல்ல வேறொன்றாக மாற வேண்டும்.

இதில் ஏமாற்ற வழியே இல்லை. துணியில் உள்ள அந்த மங்கலான இளஞ்சிவப்பைக் கலந்து எடுப்பதற்கே ஒரு வகுப்பு போய்விடும். குழாயிலிருந்து வரும் சிவப்போடு வெள்ளை கலந்தால் மிட்டாய் நிறம்தான் வரும். அதன் எதிர்நிறமான பச்சையில் ஒரு துளி சேர்க்கும்போதுதான் துணியின் நிறத்துக்கு அது இறங்கி வரும். அச்சின் கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது, ஒரே பூ எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது, இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அச்சு சற்று விலகி வெள்ளைக் கீற்று விட்டிருக்கிறதா என்பவற்றையெல்லாம் உற்றுப் பார்க்காமல் தொடர முடியாது. அந்த வடிவமைப்பாளரின் வேலையை இரவல் வாங்குவதாக ஐயா சொன்னார். இந்தப் பயிற்சியில் மாணவர் அந்த வடிவமைப்பாளரிடம் பாடம் கேட்கிறார். கொடி வேறொன்றாக மாறத் தொடங்கும் இடத்திலிருந்து எல்லாம் அவருடையதுதான். ஒரு பையன் மாங்காய் வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மீனாக்கி, மீன்களைப் படித்துறைக்குக் கொண்டுபோய் விட்டான்.

மதிப்பிடுவதற்கு நான் கேட்பது ஒரே கேள்வி. உன் படத்தில் தீட்டாமல் விட்ட ஓர் இடத்தைக் காட்டி, ஏன் விட்டாய் என்று சொல். அழகாக இருந்தது என்பது பதில் ஆகாது. இந்தக் கட்டம் இங்கே சன்னல் கம்பியாகிறது, இந்தப் பூக்கள் பாட்டியின் சேலையாக வேண்டும், இந்த மங்கிய பகுதி தூரத்து மலை என்று சொன்னால் அவர் வேலை செய்திருக்கிறார் என்று பொருள்.

நேரம் கிடைத்தால் பிள்ளைகளைத் திருப்புடைமருதூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள் அடுக்குகளில் நாயக்கர் காலச் சுவரோவியங்கள் இருக்கின்றன; பார்ப்பதற்கு முன்கூட்டியே கோயிலில் கேட்டுக்கொள்வது நல்லது. நாயக்கர் கால ஓவியங்களில் ஆடைகளின் கோடும் பூவும் பெரும்பாலும் உடலின் வளைவைப் பின்பற்றாமல் தட்டையாகவே பரவியிருக்கும். செம்பின் மேல் வளையாமல் நின்ற மாங்காய்களைத் தீட்டிய பிறகு அந்தச் சுவரைப் பார்க்கும் பிள்ளை, அது தெரியாமல் நேர்ந்த குறை என்று நினைக்கமாட்டான்.

டவுன் ரதவீதி எழுதியது:

தாளின் மேல் தொடரும் பயிற்சியை நான் மறுக்கவில்லை. அதில் வரையும் வேலையும் இருக்கிறது, நிறம் கலக்கும் வேலையும் இருக்கிறது. தறிக்கார அண்ணாச்சி சொன்ன கருப்பூர்ச் சேலை தேர்ந்த கைகள் செய்தது. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

பாளை அம்மாவுக்கு ஒரு யோசனை. பை நிறைய வெவ்வேறு துணிகள் இருப்பதுதான் மதிப்பிடுவதற்கு இடைஞ்சல். நல்ல துணி கிடைத்தவர் படம் நன்றாக இருக்கும், மற்றவர் துணியைக் குறை சொல்வார். ஒரே துணியை வாங்கி, ஒரே அளவில் வெட்டி, எல்லாருக்கும் கொடுங்கள். முடிந்ததும் அத்தனையையும் ஒரே சுவரில் வரிசையாக மாட்டினால், துணியின் அழகு எல்லாவற்றிலும் சமமாக இருப்பதால் கழிந்துபோகும். எஞ்சி நிற்கும் வேறுபாடு முழுவதும் பிள்ளைகளுடையது. ஒருவர் வானமாக்கிய பூவை இன்னொருவர் சேற்றுக்கரையாக்கியிருப்பதை அவர்களே பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் விளக்க வேண்டிய தேவையே இராது.

பாளைத் தூரிகை எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. வண்ணார்பேட்டைப் பக்கம் போகும்போது, சாரல் அண்ணாச்சி சொன்னபடி கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, இடைநிலை நிறத்தில் பொடிப்பூப் போட்ட பருத்தித் துணி மூன்று மீட்டர் எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரர் என்ன நினைப்பாரோ தெரியவில்லை. அக்கா கொடுத்த வெட்டுத்துணிகளைத் தாளில் ஒட்டித் தொடரும் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுகிறேன். அதற்குக் கையகலத் துண்டே போதும் என்பதால் ஒன்றும் வீணாகாது. படங்கள் முடிந்ததும் பிள்ளைகளின் ஒப்புதலோடு இங்கே பதிவேற்றுகிறேன். தறிக்கார அண்ணாச்சி நூல் நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.